ஜெபிக்க வாய் வராதபோது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. தம்பியின் வேலை விஷயத்தை அவனே சொல்லியிருப்பான். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? போன ஞாயிறு போனில் ஜெபம் முடிந்தபோது உன் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று அப்பாவிடம் சொன்னேன். கட்டாகவில்லை என்று எனக்குத் தெரியும்.

சபைக்குப் போகிறாயா என்று கேட்க இதை எழுதவில்லை. ஜெபம் வறண்டுபோகிற காலம் எல்லாருக்கும் வரும். அப்போது என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். இப்போது தேவையில்லை என்றால் எடுத்து வைத்துக்கொள்.

முதலில் உடம்பைப் பார். வேதத்தில் 1 இராஜாக்கள் 19-ஐ எடுத்து வாசி. சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான். எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டாம் தரம் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் கர்த்தருடைய அந்த மெல்லிய சத்தம் கேட்டது, இப்படிச் சாப்பிட்டு 40 நாள் நடந்த பிறகுதான். அதனால் தூங்கு. இரண்டு வாரமாகத் தூக்கமே சரியில்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை என்றால் மருத்துவரைப் பார். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் ஒரு நாள்கூடப் பொறுக்காதே, உடனே போ, எந்த நேரமானாலும் எங்களைக் கூப்பிடு. மருத்துவரிடம் போவது அவிசுவாசம் இல்லை.

சொந்த வார்த்தை வராவிட்டால் இரவல் வார்த்தை போதும். சங்கீதம் 13 ஆறே வசனம். அதில் "எதுவரைக்கும்" என்று நான்கு தரம் கேட்கிறான் தாவீது. முதலில் முறையிடுகிறான், பிறகு என்ன வேண்டும் என்று கேட்கிறான், கடைசியில்தான் நம்புகிறேன் என்கிறான். நாம் கடைசியிலிருந்து தொடங்கிவிடுகிறோம். உள்ளே கசப்பை வைத்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னால் இரண்டே நாளில் நாக்கு கட்டிக்கொள்ளும். முறையிட வேண்டியதை முதலில் முறையிட்டுவிடு. வாய்விட்டுச் சொல், மனசுக்குள் சொன்னால் எண்ணம் எங்கேயோ ஓடிவிடும். அறையில் வேறு யாராவது இருந்தால் தாளில் எழுது. "பயமாக இருக்கிறது" என்று பொதுவாக விடாதே, எதைக் குறித்துப் பயம் என்று ஒரே வரியில் எழுது. கடைசி வரி வராத நாளில் அங்கேயே நிறுத்து. சங்கீதம் 88-இல் கடைசி வசனம் வரைக்கும் வெளிச்சம் வராது, அதையும் வேதத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

10 நிமிடம் போதும், தினமும் ஒரே நேரம். சோர்ந்திருக்கும்போது நாளையிலிருந்து ஒரு மணி நேரம் என்று பொருத்தனை பண்ணாதே. மூன்றாம் நாள் முறியும், பிறகு அந்த வெட்கமே முழங்காலில் நிற்க விடாது. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் அதே 10 நிமிடம்தான், விட்டதைச் சேர்த்துச் செய்யாதே. எழுந்ததும் போனைக் கையில் எடுக்காதே, சொன்னால் கோபம் வரும் உனக்கு, ஆனாலும் எடுக்காதே.

சரியான பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருப்பது எல்லாவற்றிலும் மோசம். உள்ளே குற்றம் சாட்டுகிற குரல் கேட்டால் இப்படிப் பகுத்துப் பார். பரிசுத்த ஆவியானவர் உணர்த்தினால் ஒரு காரியத்தைக் குறிப்பாகக் காட்டுவார், திரும்பிவரும் வழியையும் காட்டுவார். "நீ எதற்கும் லாயக்கில்லை" என்று மொத்தமாக ஒரு குரல் சொன்னால் அது அவர் குரல் இல்லை. குறிப்பாக ஏதாவது இருந்தால், நம்பிக்கையான ஒருத்தியிடம் சொல்லி அவளையும் ஜெபிக்கச் சொல், யாக்கோபு 5:16 அதைத்தான் சொல்கிறது. என்னிடம்தான் சொல்ல வேண்டும் என்றில்லை.

கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது தப்பில்லை. பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே மூன்றாம் தரமும் அதே வார்த்தைகளைச் சொன்னார். பவுலும் தன் சரீரத்தில் முள்ளாகக் குத்திய வேதனை நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார். நீங்கியது என்று எழுதவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் இருக்கிறது. அந்த வசனத்தை மற்றவர்கள் உன்மேல் தூக்கிப் போட்டால் வலிக்கும், தெரியும். நீயாக வாசிக்கும்போது வேறு மாதிரி இருக்கும்.

நீ கெட்டிக்காரி. பத்து வயதில் சங்கீதம் 91-ஐத் தடுமாறாமல் சொன்னவள். அதைத்தான் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன். ஆனால் நீ கேள்வி கேட்டபோதெல்லாம் "சந்தேகப்படாதே, ஜெபம் பண்ணு" என்று வாயை அடைத்துவிட்டேன். குடும்ப ஜெபத்தில் "கர்த்தாவே, இந்தப் பிள்ளைக்குக் கீழ்ப்படிதலைத் தாரும்" என்று எத்தனை நாள் வேண்டியிருப்பேன். அது கர்த்தரிடம் பேசியது இல்லை. கண்ணை மூடிக்கொண்டு உன்னைத் திட்டினேன். பதில் பேச முடியாத இடத்தில் உன்னை நிறுத்திவைத்துத் திட்டினேன். ஜெபம் என்றாலே உனக்கு என் குரல் ஞாபகம் வந்தால் அது உன் குற்றம் இல்லை. என்னை மன்னித்துவிடு. இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வேண்டுவது இன்னதென்று தெரியாதபோது ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8:26-இல் இருக்கிறது. அன்றைக்கு உன் பக்கம் இருந்த மௌனத்தை இப்போது அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இந்த ஞாயிறும் அதே நேரத்துக்குக் கூப்பிடுகிறேன். நான் ஜெபம் பண்ணப்போவதில்லை. சங்கீதம் 13-ஐ ஆளுக்கு ஒரு வசனமாக வாசிப்போம். உனக்கு வரவில்லை என்றால் ஆறையும் நானே வாசிக்கிறேன். நீ ஆமென் சொல்ல வேண்டாம், லைனில் இரு. தூங்கு, கண்ணு.

அம்மா