கிங்ஸ்ரன் சதுக்கத்தில் நீ அழுத இரவு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படம் கிடைத்தது. ஏரிக்கரையில் நிற்கிற படம். அக்டோபரிலேயே தொப்பியும் கையுறையும் போட்டு நிற்கிறாய். அம்மா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, பிள்ளை மெலிந்துவிட்டாள் என்றாள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஆனால் அம்மாவோடு அதில் வாதாட முடியாது, உனக்குத் தெரியும்தானே.

ஞாயிற்றுக்கிழமை கதைக்கும்போது, உன் வேலையிடத்தில் இந்தக் கிழமை சேனி வென்ஜாக்கையும் கோர்ட் டௌனியையும் நினைத்துப் பாட்டுப் போட்டார்கள் என்று சொன்னாய். சேனி, பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த விடுதிப் பள்ளி ஒன்றிலிருந்து வீட்டுக்கு ஓடி, வழியில் இறந்த சிறுவன். டௌனி, அவன் கதையைப் பாடிய பாடகர். "கிங்ஸ்ரன் ஞாபகம் இருக்கா அப்பா?" என்று கேட்டாய். நான் ஓம் என்று சொல்லிவிட்டு, காருக்கு விண்டர் ரயர் மாற்றியாச்சா என்று கேட்டேன். போனைக் காதில் வைத்தால் எனக்கு வாய் அப்படித்தான் போகும். கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன்.

2016 மே 24. நீ முதலாம் வருசம் முடித்து வீட்டுக்கு வந்திருந்தாய். காலையில் குசினியில் நின்று போனைப் பார்த்தவள் அப்படியே கதிரையில் இருந்துவிட்டாய். ஆரோ கூடப் படித்த பிள்ளைக்கு என்னவோ நடந்துவிட்டது என்று நான் பயந்துபோனேன். கேட்டால், ஒரு பாட்டுக்காரருக்கு மூளையில் புற்றுநோயாம், குணப்படுத்த முடியாத வகையாம். "ஆர் அது?" என்று கேட்டேன். நீ நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கே, இந்த நாட்டில் இத்தனை வருசம் எங்கே இருந்தாய் என்று கேட்கிற மாதிரி.

எங்கே இருந்தேன்? லொறியில் இருந்தேன். ஸ்காபரோவுக்கும் மொன்றியலுக்கும் இடையில், 401 நெடுஞ்சாலையில். அந்தக் குரல் றேடியோவில் நூறு தரம் வந்திருக்கும், ஆனால் அதற்கு ஒரு பெயர் உண்டு என்று நான் நினைத்ததில்லை. கிங்ஸ்ரன் என்றால் எனக்குச் சிறைச்சாலை உள்ள ஊர், டீசல் அடிக்கிற ஊர், அவ்வளவுதான். அந்தக் குரல் கோர்ட் டௌனியுடையது, அந்த ஊரில் 1984இல் கூடிய பொடியன்கள்தான் அவருடைய 'த ட்ராஜிக்கலி ஹிப்' இசைக்குழு என்பதெல்லாம் நீ சொல்லித்தான் தெரியும்.

அந்தக் கோடையில் அவர்கள் கடைசியாக ஒரு சுற்று நாட்டைச் சுற்றி வரப்போகிறார்கள் என்று அறிவித்தார்கள். நீ ரிக்கெற் விற்கத் தொடங்குகிற நேரத்துக்கு முன்னமே லப்ரொப்பைத் திறந்து வைத்து, தம்பியின் போனையும் பறித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாய். சில நிமிசத்தில் எல்லாம் முடிந்தது. பிறகு அதே ரிக்கெற்றுகள் பல மடங்கு விலையில் வேறு இடத்தில் முளைத்தன. மனிதர் அல்ல, கணினி நிரல்கள் வாங்கிக் குவித்துவிட்டன என்று நாடு முழுக்க ஒரே கோபம். அடுத்த வருசம் ஒன்ராறியோ அந்த நிரல்களுக்குத் தடை போட்டுச் சட்டமே கொண்டுவந்தது. சாகப்போகிற ஒருவரைக் கடைசியாகப் பார்க்கிறதிலும் ஒருவன் லாபம் வைக்கிறான் என்பதுதான் சனத்துக்குச் சுட்டது. நீயும் ஒரு கிழமை ஆரோடும் சரியாகக் கதைக்கவில்லை.

கடைசி நிகழ்ச்சி ஓகஸ்ட் 20, கிங்ஸ்ரனில். அரங்கத்துக்குள் போக முடியாவிட்டாலும் நகர மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிற சந்தைச் சதுக்கத்தில் பெரிய திரை கட்டுகிறார்கள் என்று சொன்னாய். அம்மா தனியே விடமாட்டேன் என்றதால் நான் சாரதி. புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிக்கொண்டு வான் வண்டியில் வெளிக்கிட்டோம்.

அந்த இரண்டரை மணி நேரத்தைத்தான் நான் இன்னும் நினைக்கிறேன், சதுக்கத்தைவிட. நீ ஒவ்வொரு பாட்டாகப் போட்டுக் கதை சொல்லிக்கொண்டு வந்தாய். ஒரு பாட்டில் பில் பரில்கோ என்றொரு ஹொக்கி வீரன். 1951இல் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்கு ஸ்டான்லி கிண்ணத்தை வென்று தந்த கோலை அடித்தவன். அந்தக் கோடையிலேயே மீன்பிடிக்கப் போனபோது விமானத்தோடு காணாமல் போனான். பதினொரு வருசம் லீஃப்ஸ் திரும்ப வெல்லவேயில்லை. 1962இல் வென்றார்கள், அதே வருசம் காட்டுக்குள் விமானமும் உடலும் கிடைத்தன. இப்படி ஒன்று எங்கள் ஊரில் நடந்திருந்தால் அந்த இடத்தில் ஒரு வைரவர் கோயில் எழும்பியிருக்கும் என்று நான் சொல்ல, நீ சிரித்தாய்.

அடுத்தது டேவிட் மில்கார்டின் பாட்டு. சஸ்கற்றூனில் நடந்த ஒரு கொலைக்காக 16 வயதில் பிடிபட்டு, செய்யாத அந்தக் கொலைக்கு 23 வருசம் உள்ளே கிடந்தவர். பிள்ளை செய்யவில்லை என்று தாய் அத்தனை வருசமும் கதவு கதவாகத் தட்டியிருக்கிறாள். அந்த இடத்தில் நான் றேடியோவைக் குறைத்தேன், ஞாபகமா? தெருவில் போகிற காரின் சத்தம் என்று சாக்குச் சொன்னேன். பிள்ளையின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற தாய்மாரை எனக்கு ஊரிலேயே தெரியும். அதை அப்போது உனக்குச் சொல்ல வரவில்லை.

பொப்கேஜன் என்ற ஊர்ப் பெயரை நெடுஞ்சாலைப் பலகையில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அதிலும் ஒரு பாட்டு. பலகையில் பார்த்த பெயரைப் பாட்டில் கேட்டால் அந்த ஊரில் எனக்கும் ஒரு ஒன்றுவிட்ட சொந்தம் இருக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. அமெரிக்காவில் இவர்கள் பெரிதாக எடுபடவில்லை என்று நீ சொன்னபோது, எப்படி எடுபடும், இதெல்லாம் அவங்களுக்கு என்ன விளங்கும் என்று வாயில் வந்தது. "அவங்கள்" என்று அமெரிக்கரைச் சொன்ன அந்த இடத்தில்தான் நான் கனடாக்காரன் ஆனேன் போலிருக்கிறது. குடியுரிமைத் தாள் கிடைத்து அப்போது இருபது வருசத்துக்கு மேல்.

சதுக்கத்தில் 25,000 பேர் நின்றார்கள் என்று பிறகு சொன்னார்கள். ஒலிம்பிக்ஸ் நடந்துகொண்டிருந்த நேரத்தில் சிபிசி தொலைக்காட்சி அதை நிறுத்திவிட்டு, விளம்பரமே இல்லாமல் இதைக் காட்டியது. 1 கோடியே 17 லட்சம் பேர் பார்த்தார்கள், நாட்டில் மூன்றில் ஒரு பங்கு. அதைச் சொல்லும்போது நம்மட தெருவையும் சொல்லவேண்டும். ஸ்காபரோவில் நம்மட தெருவில் பாதிப் பேருக்கு அவர் ஆர் என்றே தெரியாது. நாடே அழுதது என்று பத்திரிகை எழுதினால் நான் அதில் கொஞ்சம் கழித்துத்தான் படிப்பேன்.

ஆனால் அன்று என் முன்னால் நின்ற மனிதரைக் கழிக்க முடியாது. அறுபது வயதிருக்கும், தச்சுவேலை செய்கிற கை. மேலே பெரிய திரையில் கோர்ட் டௌனி மினுங்குகிற கோட்டும் இறகு செருகிய தொப்பியுமாக ஆடிக்கொண்டிருந்தார். வரிகள் மறந்துபோகும் என்பதால் மேடையில் அவருக்கு எழுத்துத் திரைகள் வைத்திருந்தார்கள். தானே எழுதிய வரிகள். இந்த மனிதருக்கோ திரை தேவைப்படவில்லை. ஒரு சொல் பிசகாமல், சத்தம் வராமல், உதட்டால் மட்டும் பாடிக்கொண்டிருந்தார், தேவாரம் தெரிந்த கிழவர்கள் கோயில் தூணில் சாய்ந்து நின்று முணுமுணுப்பது போல. கையில் வாங்கிய கோப்பி குடிக்காமலே ஆறிப்போனது. இடையில் திரும்பி, என் கையிலிருந்த புட்டுப் பெட்டியைப் பார்த்து, என்ன அது என்று கேட்டார். ஒரு பிடி கொடுத்தேன். நன்றி சொல்லிச் சாப்பிட்டுவிட்டு மறுபடி உதட்டை அசைக்கத் தொடங்கினார்.

பிரதமர் ட்ரூடோ டெனிம் ஜக்கெற்றோடு அரங்கத்துக்குள் இருந்தார். டௌனி பாட்டை நிறுத்தி, அவரைப் பெயர் சொல்லி, வடக்கே இருக்கிற பூர்வகுடி மக்களைப் பற்றிப் பேசினார். அங்கே நடப்பதைக் கண்டுகொள்ளாமல் இருக்கவே நாங்கள் வாழ்நாள் முழுக்கப் பழக்கப்பட்டிருக்கிறோம் என்றார். எனக்கு அது முழுதாக விளங்கவில்லை. தன் சாவைப் பார்க்க வந்த சனத்தின் தலையைப் பிடித்து வேறு திசைக்குத் திருப்புகிறார் என்பது மட்டும் விளங்கியது. திரும்பிப் பார்த்தால் நீ விம்மிக்கொண்டிருந்தாய்.

அப்புறம் வான் வண்டியில் வரும்போது நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். "ஒரு பாட்டுக்காரனுக்கு இவ்வளவு அழுகையா? நாங்கள் சொந்தச் சகோதரத்துக்கே நின்று அழ நேரமில்லாமல் ஓடி வந்தவங்கள்." நீ ஒஷாவா வரும்வரை வாய் திறக்கவில்லை. நான் புட்டுப் பெட்டியை நீட்டினேன், வேண்டாம் என்றாய். கேள்வி கிங்ஸ்ரன் ஞாபகம் இருக்கா என்பதுதானே. எனக்கு ஞாபகம் இருப்பது அதுதான்.

அடுத்த வருசம், 2017 அக்டோபர் 17 இரவு, அவர் போனார். 53 வயது. மறுநாள் காலை செய்தி வந்தபோது நான் பெல்வில்லுக்குப் பக்கத்தில் கோப்பிக்கு நின்றிருந்தேன். வரிசையில் ஒரு சத்தம் இல்லை. காசு வாங்குகிற பிள்ளைக்கு மூக்குச் சிவந்திருந்தது. ஒரு லொறிக்காரர், சீக்கியர், எனக்கு முன்னால் நின்றவர், தன் கோப்பிக் காசோடு பின்னால் நின்ற என்னுடையதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அன்று ட்ரூடோ பத்திரிகையாளர் முன்னால் நின்று அழுதார். லீஃப்ஸ்காரர் தங்கள் ஆட்டத்தில் பரில்கோவின் 5ஆம் இலக்கப் பதாகையைக் கூரையிலிருந்து கீழே இறக்கினார்கள். செய்தியில் அதைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஹொக்கியும் விமானமும் காடுமாக முழுக் கதையும் நான்தான் சொன்னேன். உனக்கு அது தெரியாது.

இடைப்பட்ட அந்த ஒரு வருசத்தில் மனிதர் என்ன செய்தார் என்று பார். ஒரு பேட்டியில், எதிரே இருக்கிற பீற்றர் மான்ஸ்பிரிட்ஜின் பெயர் மறந்துவிடும் என்று 'பீற்றர்' என்று கையில் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார். அந்த நிலையில் சேனி வென்ஜாக்கின் கதையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பாட்டு, படக்கதை, சேனியின் பெயரில் ஒரு நிதியம். சேனியின் ஊரான ஒகோகி போஸ்ற்றுக்கே போய் அவனுடைய அக்கா பேர்ளையும் குடும்பத்தையும் பார்த்தார். 2016 டிசம்பரில் பூர்வகுடித் தலைவர்கள் அவருக்கு நட்சத்திரப் போர்வை போர்த்தி, நட்சத்திரங்களுக்கிடையே நடப்பவர் என்று பொருள்படும் ஒரு லக்கோட்டா பெயரையும் கொடுத்தார்கள். பொதுவாகப் பொன்னாடை போர்த்துகிற விழாக்களை நான் நம்புவதில்லை, ஸ்காபரோவில் வாரத்துக்கு மூன்று நடக்கிறது. இதில் அவர் நின்று அழுததைப் பார்த்தபோது சந்தேகம் வரவில்லை.

எனக்கு ஒரு மனக்குறை இருக்கத்தான் செய்கிறது. சேனி இறந்தது 1966இல். அடுத்த வருசமே மக்லீன்ஸ் இதழில் அது வந்துவிட்டது. அப்படி விடுதிப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகள் 150,000 பேருக்கு மேல். அரை நூற்றாண்டு அந்தத் தாய் தகப்பன், சகோதரங்கள் சொன்னது கேட்காத காதுக்கு, ஒரு வெள்ளைக்காரப் பாடகர் சாகும்போது சொன்னால்தான் கேட்கிறதா? கேட்கிறதுதான் போல. எனக்கும் அப்படித்தானே கேட்டது. நான் குடியுரிமைப் பரீட்சைக்குப் படித்தபோது மாகாணங்களின் தலைநகரம் எல்லாம் பாடமாக்கினேன். சேனியின் பெயர் என் கண்ணில் பட்டதில்லை. உன்னோடு வேலை செய்கிற அந்த ஊர்ப் பெண்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? அடுத்த முறை கேட்டுச் சொல். அவர்கள் சொல்வதுதான் கணக்கு.

2020 செப்டெம்பர் 25 உனக்கு ஞாபகம் இருக்கும். எஸ்.பி.பி போன நாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதேன், தண்ணீரைத் திறந்துவிட்டால் அம்மாவுக்குக் கேட்காது என்று. நீ வான்கூவரிலிருந்து எடுத்தாய். என் குரலிலேயே கண்டுபிடித்துவிட்டாய். "ஒரு பாட்டுக்காரனுக்கு" என்று நீ திருப்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எந்தப் பாட்டு வேண்டும் என்று கேட்டு, போனைப் பக்கத்தில் வைத்து ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டாய். ஐந்தாறு பாட்டுக்குப் பிறகு வேலைக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டாய். நான்கு வருசமாக நான் கேட்காத மன்னிப்பை நீ கேட்காமலே எடுத்துக்கொண்டாய் என்றுதான் எனக்குப் பட்டது. இப்போது எழுத்தில் கேட்கிறேன். அன்று நான் சொன்னது பிழை, பிள்ளை.

இனி ஒரு காரியம். நீ இருக்கிற கெனோராவிலிருந்துதான் சேனி ஓடினான். 12 வயது. வீடு 600 கிலோமீற்றர். தண்டவாளத்தைப் பிடித்து நடந்தால் வீடு வரும் என்று நினைத்தான். மெல்லிய பருத்திச் சட்டை, ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலுக்குள் ஏழு நெருப்புக்குச்சி. இதே அக்டோபர், இதே குளிர். நீ வேலை முடிந்து இரவில் அந்தப் பக்கத்து வீதிகளில் தனியே ஓட்டுகிறாய் என்று தம்பி சொன்னான். நீ எனக்குச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு பொதி போட்டேன். மிளகாய்த்தூள், அரிசிமா, அம்மா பின்னிய காலுறை. அடியில் ஒரு கம்பளிப் போர்வை, மெழுகுதிரி, இரண்டு நெருப்புப்பெட்டி. அதை வீட்டுக்குள் வைக்காதே, காரின் பின்னால் வை. நெருப்புப்பெட்டியைப் பொலித்தீன் பையில் சுற்றியிருக்கிறேன், பிரிக்காதே, ஈரமாகிவிடும்.

அன்புடன்,
அப்பா