தண்டையார்பேட்டையில் ஒரு தரைத்தள அறை: தண்டுவடம் அடிபட்டவர்களுக்காக நன்கொடை வேண்டுகிறோம்

வடசென்னை மக்களுக்கு வணக்கம்.

சாரத்திலிருந்து விழுந்த பெயின்டர், கன்டெய்னர் லாரி இடித்த பைக்காரர், மூட்டையோடு மாடிப்படியில் சறுக்கியவர் என்று முதுகுத் தண்டுவடம் அடிபட்டு வீட்டோடு கிடப்பவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மாக்களும் மனைவிமாரும் அண்ணன் தம்பிகளும், இரண்டு பிசியோதெரபிஸ்டுகளும் சேர்ந்ததுதான் எங்கள் குழு. தண்டையார்பேட்டையில் தரைத்தளத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, பயிற்சி கொடுக்கவும் சாமான்களை இரவல் கொடுக்கவும் போகிறோம். முதல் ஆண்டுச் செலவு ஆறு லட்சம் ரூபாய் ஆகும்.

"நடக்க வைக்கிற மிஷினே வந்துவிட்டதாமே, அதற்குக் காசு சேர்க்கலாமே?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 2023இல், விபத்தில் கால் இயக்கத்தை இழந்திருந்த நெதர்லாந்துக்காரர் ஒருவர் மூளையிலும் தண்டுவடத்திலும் பொருத்திய கருவிகளின் உதவியால் நடந்த செய்தி உலகம் முழுக்கப் பரவியது. அடுத்த ஆண்டு, அறுவை சிகிச்சையே இல்லாமல் கழுத்துத் தோலின் மேல் மின்முனைகளை ஒட்டிச் செய்த சோதனையின் முடிவு வந்தது. கை கால் நான்கும் பாதிக்கப்பட்ட 60 பேரில் 43 பேருக்குக் கையின் வலுவும் செயல்பாடும் கூடின. 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு அந்தக் கருவியை அனுமதித்தது. அனுமதி கைக்குத்தான், நடப்பதற்கு அல்ல. அந்தச் சோதனையிலும் முதல் இரண்டு மாதம் வெறும் கைப்பயிற்சி, அடுத்த இரண்டு மாதம் கருவியோடு சேர்த்துப் பயிற்சி. நாளைக்கு அது இங்கே வந்தாலும், புண்ணும் காய்ச்சலும் இல்லாத உடம்போடு இருப்பவருக்குத்தான் பயன்படும்.

எங்கள் ஆட்கள் சாவது நடக்க முடியாததால் அல்ல. படுக்கைப் புண்ணால் சாகிறார்கள், மூத்திரப்பையில் தொடங்கும் தொற்றால் சாகிறார்கள். நம் அளவுக்கே வசதியுள்ள வங்கதேசத்தில், டாக்கா அருகே சாவரில் உள்ள மறுவாழ்வு மையத்திலிருந்து வீடு திரும்பியவர்களைத் தொடர்ந்து கவனித்து 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வீல்சேரில் போனவர்களில் ஐந்தில் ஒருவர் இரண்டு ஆண்டுக்குள் இறந்திருந்தார். அதே மையம் இன்னோர் ஆய்வில் 410 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் இரண்டு ஆண்டுகள் அடிக்கடி போன் செய்து, வீட்டுக்கும் போய்ப் பார்த்தது. முடிவில் இரண்டு பிரிவிலும் நூற்றுக்கு ஏழு பேர் போல இறந்திருந்தார்கள். வித்தியாசம் இல்லை. நன்கொடை கேட்கும் நோட்டீஸில் இதை எழுதலாமா என்று குழுவுக்குள் வாக்குவாதம் நடந்தது. தெரிந்தே கொடுங்கள் என்றுதான் எழுதியிருக்கிறோம். "எப்படி இருக்கீங்க" என்று போனில் கேட்பதற்கு ஆள் வைக்கப் போவதில்லை. பணம் சாமானுக்கும், கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுப்பதற்கும் போகும்.

சாமான் என்றால் ஏர் பெட், வீல்சேரில் போடும் குஷன், கதீட்டர் (மூத்திரம் எடுக்கும் டியூப்), முதுகைத் தானே பார்த்துக்கொள்ள நீளக் கைப்பிடிக் கண்ணாடி. உணர்ச்சி இல்லாத இடுப்பில் எலும்பு அழுத்திக்கொண்டே இருந்தால் அங்கே ரத்தம் ஓடாது, சில மணி நேரத்திலேயே தோல் சாகத் தொடங்கிவிடும். வெளியே சின்னச் சிவப்பாகத் தெரியும்போது உள்ளே குழி விழுந்திருக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். வீல்சேரில் இருப்பவர் அரை மணிக்கு ஒருமுறையாவது முன்னால் சாய்ந்து ஓரிரு நிமிடம் எடையை மாற்ற வேண்டும். ஏர் பெட்டை வாங்கிவிடலாம், கரண்ட் போனால் அதன் மோட்டார் நின்றுவிடும். அதனால் இரவல் கொடுக்கும் ஒவ்வொரு பெட்டோடும் ஒரு சின்ன பேட்டரி பேக்கப் கொடுக்க நினைக்கிறோம். செலவில் பெரும்பகுதி இங்கேதான்.

அப்புறம் கதீட்டர். நிரந்தரமாக டியூப் போட்டே வைப்பதைவிட, முடிந்தவர்கள் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான கையோடு தாங்களே டியூப் விட்டு எடுப்பது நல்லது. தொற்று குறையும், சிறுநீரகம் தப்பும். இதை வெட்கப்படாமல் சொல்லிக்கொடுக்க, இதையே ஆண்டுக்கணக்கில் செய்து வரும் எங்கள் ஆட்களைவிட யாரும் இல்லை. வரும்போது அவர்களுக்கு ஆட்டோ காசும் ஒரு சிறு தொகையும் கொடுப்போம்.

மார்பு முதுகெலும்பில் ஆறாவது எலும்புக்கோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குத் திடீரென மண்டையைப் பிளக்கும் தலைவலியும் வியர்வையும் வந்து பி.பி. எகிறினால், பெரும்பாலும் டியூப் அடைத்திருக்கும் அல்லது மூத்திரப்பை நிரம்பியிருக்கும். படுக்க வைக்காமல் உட்கார வைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, அடைப்பை எடுக்க வேண்டும். அடங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. இதை அச்சடித்து வீட்டுச் சுவரில் ஒட்டக் கொடுப்போம்.

அரசு செய்வதை நாங்கள் மறுபடி செய்யப் போவதில்லை. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனு எழுதித் தருவோம். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோ வீட்டுக்கே வருகிறார், அது தொடரட்டும். கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் நல்ல இடம். ஆனால் திருவொற்றியூரிலிருந்து அங்கே போய்வர ஆட்டோவுக்கு ஒரு நாள் கூலி போகும், கூடப் போகிறவரின் கூலியும் போகும். இதில் வீடு வாரியக் குடியிருப்பின் மூன்றாம் மாடியாக இருந்து லிஃப்டும் இல்லாவிட்டால், இறக்குவதற்கே நான்கு பேர் வேண்டும். தரைத்தள அறைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதும் அதனால்தான்.

ஸ்டெம் செல் ஊசிக்கு என்று யார் கேட்டாலும் ஒரு ரூபாய்கூடத் தர மாட்டோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இல் வெளியிட்ட நெறிமுறைப்படி தண்டுவடக் காயத்துக்கு அது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. நகையை விற்று அதற்குப் போனவர்கள் எங்கள் நடுவிலேயே இருக்கிறார்கள்.

பணம் கொடுக்கிறவர்கள் குழுவினரிடம் ரசீது வாங்காமல் கொடுக்க வேண்டாம். நாங்கள் இன்னும் பதிவு பெறாத குழு, எனவே 80ஜி வரிச்சலுகை ரசீது தர முடியாது. வரவு செலவுக் கணக்கை மாதாமாதம் அறைக் கதவில் ஒட்டுவோம். நூறு ரூபாயும் வாங்குவோம். சாமானாகக் கொடுப்பதானால் ஓட்டையில்லாத ஏர் பெட், பிரிக்காத கதீட்டர் பாக்கெட், பிரேக் பிடிக்கிற வீல்சேர் மட்டும் போதும். தாத்தா பயன்படுத்திய துருப்பிடித்த கட்டில் ஏற்கெனவே மூன்று வந்துவிட்டது, இனி வைக்க இடமில்லை.

இப்படிக்கு,
குழுவினர், தண்டையார்பேட்டை