அவிழ்க்காத கட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் நீ அழுதாயா, இல்லை ஜலதோஷமா என்று எனக்குப் பிடிபடவில்லை. கேட்டிருந்தால் மழுப்பியிருப்பாய். "மூன்றாம் வகுப்புக்கு வந்தும் பாதிப் பேருக்குக் கழித்தல் வரலைம்மா, எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில் ஏறலை" என்று மட்டும் சொன்னாய். நானும் பொறுமையாக இரு, போகப் போகச் சரியாகும் என்று ஏதோ சொல்லி வைத்தேன். முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் சொல்கிற பதிலா அது? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ அனுப்பிய, உன் வகுப்புப் பையன் ஒருவனின் நோட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 52-இல் 37 போக 25. 81-இல் 46 போக 45. 70-இல் 24 போக 54. மூன்றும் தப்பு, ஆனால் மூன்றும் ஒரே தப்பு. எந்த எண் மேலே இருக்கிறது, எது கீழே என்றே அவன் பார்க்கவில்லை. ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துக்கொண்டே போயிருக்கிறான். மண்டையில் எதுவுமே ஏறாத பையனுக்கு இவ்வளவு ஒழுங்காகத் தப்புச் செய்ய வராது. 1978-இல் அமெரிக்காவில் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிள்ளைகள் போட்ட கணக்குகளை அலசிப் பார்த்து இதைத்தான் எழுதினார்கள். பிள்ளைகளின் பிழைகளில் பல கவனக்குறைவால் வருவதில்லை, அவர்கள் மனதில் ஒரு விதி இருக்கிறது, அது கொஞ்சம் கோணலாக இருக்கிறது, அவ்வளவுதான் என்று. இந்தப் பெரியதிலிருந்து சின்னது கதை அதில் ரொம்பப் பிரபலம்.

அந்தக் கோணல் விதி எங்கிருந்து வருகிறது தெரியுமா? நம்மிடமிருந்துதான். "சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது" என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! பிள்ளை அதை அப்படியே நம்புகிறது. 2-இலிருந்து 7-ஐக் கழிக்க முடியாதா, சரி, 7-இலிருந்து 2-ஐக் கழிப்போம் என்று சொல் பேச்சுக் கேட்கிறது. நீ ஆறாம் வகுப்பில் குறை எண்கள் படித்துவிட்டு வந்து, "3-இல் 5 போனா மைனஸ் 2 வருதே, நீ முடியாதுன்னு சொன்னியேம்மா" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டது நினைவிருக்கிறதா? பிரம்மகுப்தர் 628-லேயே குறை எண்களைக் கடன் என்றும் நிறை எண்களைச் சொத்து என்றும் சொல்லி அவற்றுக்கு விதி எழுதி வைத்துவிட்டார். நான் மட்டும் முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடன் என்றதும் இன்னொன்று. பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கு என்று சொல்லித்தானே நாம் எல்லோரும் கழித்தலை நடத்துகிறோம்? என் வகுப்பில் ஒரு வாண்டு எழுந்து, "டீச்சர், அதை எப்போ திருப்பிக் கொடுப்போம்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவிட்டு உட்கார் என்றேன். அவன் கேட்டது எவ்வளவு நியாயமான கேள்வி என்று எனக்குப் புரிய நாலைந்து வருஷம் ஆனது. அங்கே யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. ஒரு பத்தை அவிழ்த்துப் பத்து ஒன்றுகளாக்குகிறோம். அந்த அவிழ்ப்பைக் கண்ணால் பார்க்காத பிள்ளைக்குக் கடன் என்பது வெறும் மந்திரம்.

அதனால் திங்கட்கிழமை கரும்பலகையை விட்டுவிடு. குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி எடுத்துக்கொண்டு போ. அந்தப் பையனிடம் 52 குச்சி எடுக்கச் சொல். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. இப்போது எனக்கு 37 கொடு என்று கேள். மூன்று கட்டைக் கொடுத்துவிடுவான். அப்புறம் ஏழு உதிரிக்குத் தேடுவான், இரண்டுதான் இருக்கும். இந்த இடத்தில் வாயைத் திறக்காதே. உனக்கு நாக்கு துறுதுறுக்கும், என் பெண்தானே நீ. அவன் உன்னைப் பார்ப்பான், குச்சியைப் பார்ப்பான், திரும்ப உன்னைப் பார்ப்பான். பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள் கை தானாகக் கட்டுக்குப் போய்விடும். அவிழ்த்தால் பன்னிரண்டு உதிரி, ஏழு கொடுத்தால் ஐந்து, ஒரு கட்டு அவிழாமல் மிச்சம். பதினைந்து. நோட்டில் தான் எழுதிய 25-ஐ அவனே பார்த்து முழிப்பான். ஒன்றிலிருந்து ஆரம்பிக்காமல் பத்திலிருந்து ஆரம்பிக்கிறானே என்று திருத்தாதே. கையால் செய்கிறபோது எல்லோரும் பெரியதைத்தான் முதலில் எடுப்பார்கள், அதில் ஒரு தப்பும் இல்லை.

நான்கைந்து நாள் குச்சி, அப்புறம் கட்டுக்குக் கோடும் உதிரிக்குப் புள்ளியுமாகப் படம், அப்புறம்தான் எண். அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களில் செயல், படம், குறி என்று இந்த மூன்றையும் பற்றி எழுதினார். சிங்கப்பூர் 1980-களில் தன் தொடக்கப் பள்ளிக் கணக்கையே இந்த வரிசையில் அமைத்துக்கொண்டது. நாம் நேரே மூன்றாவதில் குதித்துவிட்டுப் பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்கிறோம்.

இடமதிப்பில் நம் மொழி நமக்குப் பாதி உதவி, பாதி உபத்திரவம். பதின்மூன்று, இருபத்து நான்கு என்று சொல்லிலேயே பத்து கேட்கிறது, பெரிய வசதி. ஆனால் எண்பத்தொன்பது தாண்டியதும் தொண்ணூறு என்று நூறு முன்கூட்டியே தலையை நீட்டும். 900-க்கு ஆயிரம் வந்து நிற்கும். இதில் தடுமாறுகிற பிள்ளையைக் கோபிக்கவே கூடாது. ஒருத்தி நூற்றைந்து என்று சொன்னதும் 1005 என்று எழுதினாள். 100 எழுது, பக்கத்தில் 5 எழுது, அவள் காதில் விழுந்தது அப்படித்தான். பழைய தமிழ் எண்களில் எழுதியிருந்தால் அவள் செய்தது சரிகூட. அதில் நூறுக்கு ௱ என்று தனிக்குறி உண்டு, நூற்றைந்து ௱௫. மாண்டிசோரி வகுப்புகளில் இதற்கு அட்டைகள் வைத்திருப்பார்கள். 100 என்ற நீள அட்டையின் கடைசிப் பூஜ்யத்தின் மேல் 5 என்ற சின்ன அட்டையை வைத்தால் 105 தெரியும். தடித்த காகிதத்தில் நீயே வெட்டிக்கொள், அரை மணி நேர வேலை.

அப்புறம் அந்தச் சுவர் அட்டை. "மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி, அதிகம் என்றால் கூட்டு" என்று கலர் கலராக எழுதி ஒட்டியிருக்கிறாயே, படத்தில் பார்த்தேன். எழுத்து அழகாக இருக்கிறது. எடுத்துவிடு. "அண்ணனிடம் 5 பென்சில்கள் உள்ளன. அது தம்பியிடம் இருப்பதைவிட 2 அதிகம். தம்பியிடம் எத்தனை?" என்று கேட்டுப் பார், பாதி வகுப்பு 7 என்று எழுதும். பிரான்சில் 1980 வாக்கில் 97 சின்னப் பிள்ளைகளிடம் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். கப்பலில் 26 செம்மறியாடுகள், 10 வெள்ளாடுகள், கேப்டனின் வயது என்ன? 76 பேர் அந்த எண்களை வைத்தே ஒரு வயதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள். முட்டாள்தனம் என்று சிரிக்காதே. வகுப்பில் கொடுக்கிற கணக்கு என்றால் அதற்கு விடை இருக்கும், எண்களை எதாவது செய்தால் அது வரும் என்று நாமே பழக்கி வைத்திருக்கிறோம். வாரத்துக்கு ஒன்றாவது விடையே இல்லாத கணக்குக் கொடு. "இதைப் போட முடியாது டீச்சர்" என்று யாராவது சொல்கிற அன்று எனக்குப் போன் பண்ணு.

சமக்குறியையும் கவனி. 8 + 4 = □ + 5 என்று எழுதிப் பெட்டியில் என்ன வரும் என்று கேள். 12 என்பார்கள், சிலர் 17 என்பார்கள். அமெரிக்காவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 145 பேரிடம் கேட்டபோது ஒருவர்கூட 7 என்று சொல்லவில்லை. சமக்குறி என்றால் 'விடையை இங்கே எழுது' என்றுதான் பிள்ளைகளுக்கு அர்த்தம். அவ்வப்போது 12 = 8 + 4 என்று திருப்பி எழுதிக் காட்டு, போதும்.

வாய்ப்பாடு வேண்டுமா என்று கேட்டாய். வேண்டும். மனப்பாடமே கூடாது என்கிற கட்சியில் நான் இல்லை. ஆனால் 10 வரை உள்ள நூறு பெருக்கலில் திருப்பிப் போட்டால் ஒன்றாக வருவதைக் கழித்தால் 55-தான். ஒன்றாம், பத்தாம் வாய்ப்பாட்டை விட்டால் வெறும் 36. இதைப் பிள்ளைகளிடம் சொல், பாரம் இறங்கிய மாதிரி முகம் மலரும். 7 × 8 மறந்தால் 7 × 4-ஐ இரண்டு மடங்காக்கத் தெரிந்தால் சரி. கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சோதனை வைக்காதே. விரல் விட்டு எண்ணினால் அதட்டாதே.

இந்த வாரம் அலமாரியைத் துடைத்தபோது உன் மூன்றாம் வகுப்பு நோட்டு கிடைத்தது. பதினேழாம் பக்கத்தில் 63-இல் 28 போக 45. அதன் மேல் என் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி. கீழே 35 என்று பத்து முறை எழுத வைத்திருக்கிறேன், எட்டாவதிலிருந்து உன் எழுத்து கோணிப் போயிருக்கிறது. பள்ளியில் நாற்பது பேரிடம் காட்டிய பொறுமை வீட்டுக்கு வரும்போது என்னிடம் மிச்சமில்லை, அதற்கு மேல் சொல்லச் சாக்கு இல்லை. அந்தப் பையனிடம் குச்சியைக் கொடுப்பதற்கு முன்னால், "இதை எப்படிச் செய்தே?" என்று கேட்டுவிட்டு அவன் சொல்வதை முழுக்கக் கேள். உன்னிடம் நான் அன்று கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன், நினைவிருந்தால் எழுது: 63-இல் 28 போனால் 45 எப்படி வந்தது, பாப்பா?

அன்புடன்,
அம்மா