ஆண்டறிக்கை: ரேக் பிடிப்பவர் வரை போன பயிற்சி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, நம் சங்கத்தின் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிப்பார். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. தீர்மானப் புத்தகம் மேசையில் இருக்கிறது, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். நான் பேசப்போவது பயிற்சி பற்றித்தான். சாலை வேலையிலும் பொதுப்பணியிலும் கிடைக்கும் பயிற்சி பொறியாளரோடு நின்றுவிடக் கூடாது, தார்க் கலவையை இழுத்துப் பரப்ப ரேக் பிடிப்பவர், ரோலர் ஓட்டுபவர், குழியில் இறங்குபவர் வரை வர வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். அது எவ்வளவு தூரம் நடந்தது என்று சொல்ல வேண்டியது என் கடமை.

இதுவரை பயிற்சிக்கு அழைப்பு வந்தால், அலுவலகத்தில் அன்றைக்கு யாருக்கு வேலை குறைவோ அவர் போய்வருவார். கொடுத்த குறிப்பேடு அலமாரிக்குப் போகும். போனவர் மேல் குறை சொல்ல மாட்டேன். அவர் கேட்டு வந்ததைத் தளத்தில் நிற்பவர்களுக்கு எடுத்துச் சொல்ல யாரும் அவருக்கு நேரம் ஒதுக்கவில்லை. அதனால்தான் இந்த ஆண்டு வகுப்புகளைச் சாலையிலேயே வைத்தோம்.

முதல் வகுப்பு, பள்ளம் அடைப்பது. "முப்பது வருஷமா அடைக்கிறோம், இதுக்கு என்ன சார் வகுப்பு?" என்று மூத்த பணியாளர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அடைத்த இடமே அடுத்த மழையில் மறுபடி திறந்துகொள்வதையும் நாம்தான் பார்க்கிறோம். பயிற்றுநர் பதில் எதுவும் சொல்லாமல் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு பள்ளங்களைக் காட்டினார். ஒன்றை வழக்கம்போல், கலவையைக் கொட்டி மண்வெட்டியால் தட்டி அடைக்கச் சொன்னார். இன்னொன்றை உளியும் சம்மட்டியும் வைத்துச் சதுரமாக வெட்டச் சொன்னார். பக்கங்கள் செங்குத்தாக இருக்க வேண்டும், ஆடாத கெட்டித் தளம் வரும்வரை வெட்ட வேண்டும். அப்புறம் தூசியைக் கூட்டி, ஈரத்தைத் துடைத்து, தண்ணீரில் கலந்த தாரான எமல்ஷனை மெல்லிசாகப் பூசி, அதன் பழுப்பு நிறம் கறுப்பாக மாறும்வரை காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பைத்தான் நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். பிறகு கலவையை இரண்டு அடுக்காகப் போட்டு, ஓரத்திலிருந்து நடுவுக்கு இடித்து, சாலை மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தினோம்.

மழை பெய்து முடிந்த பிறகு அதே இடத்துக்குப் போனோம். பழைய முறையில் அடைத்ததன் ஓரம் பிரிந்திருந்தது. கேள்வி கேட்ட பெரியவர் குனிந்து விரலால் தள்ளினார், ஜல்லி கையோடு வந்தது. வெட்டி அடைத்த பள்ளத்தின் மேல் ஏறி நின்று குதிகாலால் ஓங்கி மிதித்தார். அசையவில்லை. அதன் பிறகு அவர் ஒரு வகுப்பைக்கூட விடவில்லை.

பயிற்றுநர் அன்றைக்கு இன்னொன்றும் செய்தார். எங்களைச் சாலையோரத்துக்குக் கூட்டிப்போனார். புல்லும் மண்ணும் சேர்ந்து ஓரம் தார்த்தளத்தைவிட உயர்ந்திருந்தது, வாய்க்கால் அடைபட்டிருந்தது. மழைநீர் வழிந்து போக இடமில்லாமல் தார் விளிம்பிலேயே தேங்கியிருக்கிறது. விரிசல் வழியாக இறங்கிய நீர் அடித்தளத்தை இளக்கிவிட, மேலே சக்கரம் ஏற ஏறத் தளம் உடைகிறது. தார்ச்சாலையில் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு மீட்டருக்கு 2 முதல் 2.5 செ.மீ. வரை சரிவு வேண்டும் என்பதை மட்டக்கோலும் பலகையும் வைத்து அளந்து பார்த்தோம். மண்வெட்டி பிடிப்பவருக்கு இந்தச் சரிவு புரிந்துவிட்டால், ஓரம் செதுக்குவதை ஒப்புக்குச் செய்ய மாட்டார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சூட்டுக் கலவை வகுப்பில் புதிதாக வாங்கிய வெப்பமானியைப் பயன்படுத்தினோம். லாரியில் வந்து இறங்கும்போது நன்றாகக் கொதிக்கும் கலவை, மெல்லிய தளமாகப் பரப்பியதும் வேகமாக ஆறிவிடுகிறது. ஏறக்குறைய 90 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனபின் எத்தனை முறை ரோலர் ஓட்டினாலும் நினைத்த இறுக்கம் வராது. ரோலர் ஓட்டுநர்கள் தாழ்ந்த ஓரத்தில் தொடங்கி மேட்டுப் பக்கம் போவது ஏன், சூடான தளத்தின் மேல் ரோலரை ஏன் நிறுத்தி வைக்கக் கூடாது என்று அவர்களே ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டார்கள். நான் குறிப்பெடுத்ததோடு சரி.

கான்கிரீட் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கலவை கட்டியாக இருக்கிறது, ஒரு வாளி தண்ணீர் ஊற்று என்பது தளத்தில் தினமும் கேட்கும் குரல். சிமென்டுக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம்தான் வலிமையைத் தீர்மானிக்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர் டஃப் ஏப்ரம்ஸ் 1918-லேயே காட்டிவிட்டார். 30 செ.மீ. உயரக் கூம்பில் மூன்று அடுக்காக நிரப்பி, அடுக்குக்கு 25 குத்து குத்தி, கூம்பைத் தூக்கியதும் கலவை எவ்வளவு உட்காருகிறது என்று எல்லோரும் கைப்பட அளந்தார்கள். ஒரு வாளி கூடுதலாக ஊற்றிய கலவை தோசை மாவுபோலச் சரிந்ததைப் பார்த்தபின் விளக்கம் தேவைப்படவில்லை.

இனி பாதுகாப்பு. இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை இருக்கும். குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தின் பக்கம் சரிந்தால், இடுப்பளவு புதைந்தவரைக்கூடக் கையால் இழுத்து எடுக்க முடியாது. தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிப்பது நம் பழக்கம். குறைந்தது 60 செ.மீ. தள்ளிப் போட வேண்டும், ஒன்றரை மீட்டர் ஆழத்தைத் தாண்டினால் பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், ஏணி இல்லாமல் இறங்கக் கூடாது.

சாக்கடை ஆள்நுழைவுக் குழி விஷயம் இன்னும் கொடியது. "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடும்போது மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். வாடை நின்றதாகத் தோன்றும் நேரத்தில் ஆபத்து முன்பைவிட அதிகமாக இருக்கலாம். உள்ளே விழுந்தவரைக் காப்பாற்ற அப்படியே குதித்தவரும் சேர்ந்து சாவது இந்த வேலையில் திரும்பத் திரும்ப நடக்கும் கொடுமை. மனிதர் இறங்காமல் இயந்திரத்தால் செய்வதுதான் முதல் வழி. வாயு அளக்கும் கருவி, காற்றோட்டம், இறங்குபவரின் இடுப்பு வாரைப் பிடித்தபடி மேலே ஓர் ஆள் ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் "இறங்க மாட்டேன்" என்று சொல்லும் உரிமை நம் உறுப்பினருக்கு உண்டு. அப்படிச் சொன்னவர் பக்கம் சங்கம் நிற்கும்.

சாலையில் நின்று வேலை செய்வோருக்கு ஒரு சின்னக் கணக்கு. 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடும். ஓட்டுநர் நம்மைப் பார்த்துப் பிரேக்கில் கால் வைக்க இரண்டரை விநாடி ஆனால், அதற்குள் நாற்பது மீட்டர் போய்விடும். வேலை நடக்கும் இடத்துக்குப் பத்தடி முன்னால் ஓர் எச்சரிக்கைக் கூம்பை வைத்துவிட்டு வேலை செய்வது எவ்வளவு ஆபத்து என்று வகுப்பில் அடியளந்து நடந்து காட்டினோம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஓர் அலுவலகம் பயிற்சி நாளை விடுப்பாகக் கழித்தது. மூன்று முறை நேரில் போய்ப் பேசிய பிறகே வேலை நாளாகத் திருத்தினார்கள். கற்றுக்கொள்ள வந்தவரின் கூலியைப் பிடிப்பது தவறு, இதை எங்கு வேண்டுமானாலும் சொல்வேன். மாலையில் வைத்த வகுப்புகளுக்குப் பெண் பணியாளர்களால் வர முடியவில்லை. அது நம் தவறு. காலைக்கு மாற்றியதும் வந்தார்கள். பல ஆண்டுகளாக ஜல்லி சுமக்கும் ஒரு சகோதரி, தனக்கு ரோலர் ஓட்டக் கற்றுத்தர முடியுமா என்று கேட்டார். முடியும் என்று சொல்லியிருக்கிறேன்.

பிற நாடுகளில் இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. கென்யாவில் 1974-இல் தொடங்கிய கிராமச் சாலைத் திட்டம் உள்ளூர் மக்களின் கையுழைப்பை நம்பி நடந்தது; அந்த முறையில் வேலை வாங்குவோருக்கான பயிற்சி அந்நாட்டின் கிஸீ நகரில் வளர்ந்தது. அமெரிக்காவில் 1982-இல் தொடங்கிய ஏற்பாட்டின்படி மாநிலந்தோறும் உள்ளாட்சிச் சாலைப் பணியாளர்களுக்கென்றே பயிற்சி மையங்கள் இயங்குகின்றன. நம் சங்கம் சின்னது, மையம் கட்ட முடியாது. பயிற்றுநரை வேலையிடத்துக்கு அழைத்து வர முடியும், அதை இந்த ஆண்டு செய்து பார்த்துவிட்டோம்.

வரும் ஆண்டில் மழைக்கு முன்பே சிறுபாலங்களைத் தூர்வாருவது, அவற்றிலிருந்து நீர் வெளியேறும் பக்கத்தில் மண் அரிப்பைப் பார்த்துச் சரிசெய்வது பற்றி வகுப்பு வைக்க நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. முதலுதவியும் சேரும். இந்த ஆண்டு கற்றவர்களில் விருப்பமுள்ளவர்கள் அடுத்த குழுவுக்குச் சொல்லித்தரலாம். பள்ளம் அடைப்பதற்கு அந்தப் பெரியவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டார்.

பயிற்சி நாளை வேலை நாளாகவே கணக்கிட வேண்டும் என்று எல்லா அலுவலகங்களையும் எழுத்தில் கேட்கும் தீர்மானத்தை இந்த அறிக்கையோடு இணைத்திருக்கிறேன். இரண்டையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். சிறுபால வகுப்புக்குப் பெயர் கொடுப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் கொடுங்கள், ஏடு கையிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்