கயலின் வேலை பற்றி மீனாவுக்கு

திருச்சி

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. இவருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை. நல்லபடியாக முடிந்துவிட்டது. சொட்டு மருந்து விடப் போனால்தான் அடம் பிடிக்கிறார். மற்றபடி சௌக்கியம்.

கயலுக்குப் பத்திரிகையில் போட்டோகிராபர் வேலை கிடைத்ததைக் கேட்டு எனக்கு அவ்வளவு பெருமை. ஆனால் அதற்குள் அவள் சோர்ந்து போயிருக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். நடிகர் கடை திறக்க வந்தால் முதல் பக்கம், மழையில் நனைந்துகொண்டு கீரை விற்கிற அம்மாவை எடுத்துப் போனால் "இடமில்லை". இதைப் பற்றிப் பெரியம்மா என்ன சொல்வாள் என்று கேட்டாளாமே. கல்லூரியில் இதழியல் பாடம் எடுத்த நாளிலிருந்து இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் பத்திரிகைப் படங்கள் மேல் எனக்கு இருக்கும் பைத்தியம் உனக்குத் தெரியும். அவளுக்குச் சொல்ல வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

'பிக்சர் போஸ்ட்' என்ற வாரப் பத்திரிகை லண்டனில் 1938-ல் தொடங்கியது. பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. போர் முடிந்தும் அங்கே ரேஷன் ஓயவில்லை, 1954 வரை இழுத்தது. அந்த வருஷங்களில் மீன் சந்தையும் பள்ளிக்கூடமும் சினிமா நட்சத்திரமும் ஒரே இதழில் அடுத்தடுத்த பக்கங்களில் வருவார்கள். எடுத்தவர்களும் அதே ஆட்கள்தான். நட்சத்திரத்துக்குத் தனி ஆள், தெருவுக்குத் தனி ஆள் என்று கிடையாது.

அவர்களில் பெர்ட் ஹார்டியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். லண்டனில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, தொழிலைத் தானாகவே கற்றுக்கொண்டவர். தெருவில் வண்டியில் போன அரசர் ஐந்தாம் ஜார்ஜையும் அரசியையும் படம் எடுத்து, பிரதி போட்டு விற்றதுதான் அவருடைய முதல் நல்ல வரும்படி. அதே மனிதர்தான் 1948-ல் கிளாஸ்கோவின் கோர்பல்ஸ் குடிசைப் பகுதிக்குப் போனார். அதற்கு முன் பில் பிராண்ட்டை அனுப்பிப் பார்த்திருந்தார்கள். பிராண்ட் பெரிய கலைஞர், ஆனால் அந்தப் படங்களில் இருட்டுதான் தூக்கலாக இருந்தது. ஹார்டி ஜனங்களோடு பேசிப் பழகினார். அரைக்கால் சட்டை போட்ட இரண்டு பையன்கள் கையோடு கை கோத்து விறுவிறுவென்று நடந்து வருகிற படம் அப்படிக் கிடைத்ததுதான். அந்த முகங்களைப் பார், குறும்பு கொப்பளிக்கும். பரிதாபம் தேடி வந்தவனுக்கு அந்த முகங்கள் அகப்பட்டிருக்காது. கயலிடம் இந்தப் படத்தை நிதானமாகப் பார்க்கச் சொல்.

1951-ல் அவர் இன்னொன்று செய்தார். நல்ல படத்துக்கு விலை உயர்ந்த கேமரா வேண்டாம் என்று எழுதிவிட்டு, அதை நிரூபிக்க பாக்ஸ் பிரவுனி என்ற சாதாரண, மலிவான பெட்டிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு பிளாக்பூல் கடற்கரைக்குப் போனார். கம்பி வேலி மேல் இரண்டு பெண்கள் உட்கார்ந்து சிரிக்க, கடற்காற்றில் ஒருத்தியின் புள்ளி போட்ட கவுன் பறக்கிறது. ஐம்பதுகளின் இங்கிலாந்து என்றாலே இன்றைக்கும் பலர் எடுத்துப் போடுவது அந்தப் படத்தைத்தான்.

அதே பத்திரிகைக்குப் படம் எடுத்த கிரேஸ் ராபர்ட்சனைப் பற்றியும் அவளிடம் சொல். பெரும்பாலும் ஆண்களே இருந்த தொழில் என்பதால் ஆரம்பத்தில் 'டிக் முயர்' என்று ஆண் பெயரில் படம் அனுப்பினார். 1954-ல் லண்டன் உழைப்பாளிப் பெண்கள் ஒரு நாள் வீட்டு வேலையை உதறிவிட்டு பஸ் பிடித்து மார்கேட் கடற்கரைக்குப் போய் ஆடிப் பாடியதைக் கூடவே போய் எடுத்தார். நடுவயசுப் பெண்கள் பாவாடையைத் தூக்கிப் பிடித்து ஆடுவதை அப்படி உரிமையோடு எடுக்க அவரால்தான் முடிந்தது.

சரி, கயலின் பிரச்சினைக்கு வருகிறேன். 'இடமில்லை' என்பது அன்றைக்கும் இருந்தது, இன்னும் கடுமையாகவே இருந்தது. 1950-ல் கொரியப் போரில் தென்கொரிய அரசு அரசியல் கைதிகளை நடத்திய விதத்தை ஹார்டி படமெடுத்தார், நிருபர் ஜேம்ஸ் கேமரன் எழுதினார். முதலாளி ஹல்ட்டன் அச்சில் இருந்ததை நிறுத்தினார். பின்வாங்க மறுத்த ஆசிரியர் டாம் ஹாப்கின்சனுக்கு வேலை போயிற்று. 1956-ல் லிவர்பூல் குடிசைகளை அதே பத்திரிகையின் போட்டோகிராபர் தர்ஸ்டன் ஹாப்கின்ஸ் எடுத்தார். நகராட்சிக்காரர்கள் முதலாளியிடம் பேச, அதுவும் வரவில்லை. அதே ஹாப்கின்ஸ் 1953-ல் எடுத்த, பணக்காரக் காரில் முன்சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும் பூடில் நாயின் படத்துக்கு யாரும் தடை சொல்லவில்லை. எனக்கு அந்த நாய்ப் படம் பிடிக்கும், ஆனால் இதை நினைத்தால் வயிறு எரிகிறது. லிவர்பூல் படங்களுக்கு அடுத்த வருஷமே, 1957-ல், பத்திரிகையையும் மூடிவிட்டார்கள்.

அப்புறம் காலம் மாறியது. 1959-ல் டெர்ரி ஓ'நீல் என்ற இளைஞர் லண்டன் விமான நிலையத்தில் கோட்டு சூட்டோடு தூங்கிக்கொண்டிருந்த ஒருவரை, சுற்றிலும் ஆப்பிரிக்கத் தலைவர்கள் இருக்க, படம் எடுத்தார். தூங்கியவர் உள்துறை மந்திரி ராப் பட்லர் என்று பிறகுதான் தெரிந்தது. அதன் வழியாகவே ஓ'நீலுக்குப் பத்திரிகை வேலை கிடைத்தது. நாலே வருஷத்தில் பீட்டில்ஸ் பாட்டுக் குழுவை எடுத்துக்கொண்டிருந்தார். அதே தூக்கம்தான், மந்திரி என்று தெரிந்ததும் விலை வந்துவிட்டது. கயலின் ஆபீசில் நடப்பதும் இந்த விலைக் கணக்குத்தான், அவளுடைய திறமையில் குறை இல்லை.

ஆனால் இதைச் சொல்லி நட்சத்திரங்களை அவள் வெறுத்து ஒதுக்கிவிடக் கூடாது. ஜேன் பவுன் என்ற பெண் போட்டோகிராபர் 1949-லிருந்து 'அப்சர்வர்' பத்திரிகைக்காகப் பெரிய மனிதர்களை எடுத்தார். கேமராவைக் காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு போவார். ஃபிளாஷ் கிடையாது. தன் புறங்கையில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்ப்பார், அவ்வளவுதான் அளவு. 1976-ல் நாடக ஆசிரியர் சாமுவேல் பெக்கெட் படம் எடுக்கச் சம்மதிக்கவில்லை. இவர் தியேட்டரின் பின்வாசலில் காத்திருந்து சில படங்களே எடுத்தார். அந்த முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் தெரியும். பீர் காய்ச்சப் பயன்படும் ஹாப்ஸ் பூக்களைப் பறிக்கும் கூலிக் குடும்பங்களைப் பார்த்த அதே கண்தான் அது. அந்தக் கூலிக்காரர் படங்களோ 2007 வரை பெரும்பாலும் வெளியே தெரியாமலே கிடந்தன. அவை பத்திரமாக இருந்ததால்தான் நமக்குக் கிடைத்தன.

அதனால் கயலிடம் சொல்: கடை திறப்புக்குப் போனால் நடிகரை நன்றாகவே எடுக்கட்டும். திரும்பி வரும்போது கீரைக்கார அம்மாவையும் எடுக்கட்டும். பெயர், ஊர், தேதி எழுதி, ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு பிரதி வைத்துக்கொள்ளட்டும். ஆபீஸ் போடாததை எனக்கு அனுப்பச் சொல், நான் பார்த்து எழுதுகிறேன்.

தை பிறந்ததும் மதுரைக்கு வரலாம் என்று இருக்கிறோம். இவருக்கு டாக்டர் பயணத்துக்குச் சரி என்று சொன்னதும் டிக்கெட் எடுத்துவிட்டு போன் பண்ணுகிறேன். உன் முழங்கால் வலிக்கு அந்த எண்ணெய் கேட்கிறதா? இல்லையென்றால் இங்கிருந்து வேறு வாங்கி வருகிறேன். அண்ணனை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
வசந்தா