போன் விரலை எடுக்கவில்லை: கைபேசி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியாவில் ஸ்மார்ட்போன் விற்கும் நிறுவனங்களின் பொறியாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

குமுளியிலிருந்து கோட்டயம் போகும் சாலையில், இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது வண்டிப்பெரியாறு. சுற்றிலும் தேயிலை எஸ்டேட்டுகள். லயங்கள் என்கிற எஸ்டேட் வரிசை வீடுகளில் குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், தாத்தா பாட்டி காலத்தில் மலையேறி வந்த குடும்பங்கள். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் ஏலத்தோட்டங்கள். அங்கே வேலை செய்யக் கம்பம், கூடலூர், போடி பக்கமிருந்து ஜீப்பில் ஏறித் தினமும் எல்லை தாண்டி வருகிறார்கள். இந்தப் பக்கத்தில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே மாற்றுவேன், சார்ஜிங் பின் மாற்றுவேன், கிளாஸ் ஒட்டுவேன். எந்த உதிரி பாகத்தை மாற்றினாலும் தீராத புகார் ஒன்று மட்டும் வந்துகொண்டே இருக்கிறது: "தம்பி, போன் விரல எடுக்க மாட்டேங்குது."

கைரேகையால் போனைத் திறக்கும் சென்சார் கெட்டிருக்கிறதா என்று பார்க்க என் விரலைப் பதிந்து வைத்துப் பார்ப்பேன். பட்டென்று திறக்கும். கூட வந்திருக்கும் பள்ளிக்கூடத்துப் பையனின் விரலுக்கும் திறக்கும். காசு கொடுத்து வாங்கிய அக்காவுக்கு மட்டும் திறக்காது. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால் அங்கேயும் இதே கதைதான். "பாகம் நன்றாக இருக்கிறது, பழுதில்லை" என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் எழுதுவது பொய்யில்லை. பாகம் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த அக்காவின் விரலுக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

அந்த விரல்கள் என்ன வேலை செய்கின்றன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். கொழுந்து கிள்ளுவது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து செய்கிற வேலை. காலையிலிருந்து சாயங்காலம் இலை நிறுக்கும் நேரம்வரை அதே இரண்டு விரல்கள்தான். போனைத் திறக்கவும் பெரும்பாலும் அதே இரண்டு விரல்களைத்தான் எல்லோரும் வைக்கிறார்கள். இலைச்சாறு பட்டுப் பட்டு விரல் நுனி கறுத்துப்போகும், சோப்புக்கு அது போகாது. கறையின் ஓரத்தில் தோல் வெடிக்கும். சில தோட்டங்களில் இப்போது கத்தரி வைத்து வெட்டுகிறார்கள். அதில் நுனி கொஞ்சம் தப்பிக்கிறது, ஆனால் உள்ளங்கையும் விரல் அடியும் காய்த்துப்போகின்றன. ஏலக்காயில் பாடு வேறு. காய் பிடிக்கும் சரம் செடியின் அடியில், மண்ணை ஒட்டிக் கிடக்கும். குனிந்து, ஈரத்திலும் சேற்றிலும் கையை விட்டுத்தான் காயைப் பறிக்க வேண்டும். ஜூன் மாதம் மழை பிடித்துவிட்டால் விரல்கள் நாள் முழுக்க ஊறிச் சுருங்கிப்போகும். ஜனவரியில், மூணாறு பக்கம் புல்லில் உறைபனி விழும் நாட்களில், தோல் காய்ந்து பிளக்கும்.

இதற்கெல்லாம் உங்கள் சென்சார் எப்படித் தடுமாறுகிறது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த மடலைப் படிக்கிற என் வாடிக்கையாளர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். விலை குறைந்த போன்களில் பக்கவாட்டு பட்டனிலேயே சென்சார் இருக்கும். ரேகையின் மேடு சென்சாரைத் தொடும், பள்ளம் தொடாது. இரண்டுக்கும் மின்னூட்டத்தைத் தேக்கும் அளவில் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் அது படம் வரைகிறது. விரல் ஈரமாக இருந்தால் தண்ணீர் பள்ளத்தை நிரப்பிவிடும். வயலில் வெள்ளம் ஏறினால் வரப்பு தெரியாதே, அப்படி ரேகை மறைந்துவிடும். விரல் காய்ந்து கெட்டியாக இருந்தால் மேடுகூடச் சரியாக ஒட்டாமல் விட்டுவிட்டுத் தெரியும். தேய்ந்த விரலில் மேடே குறைவு. திரைக்கு அடியில் சென்சார் உள்ள போன்களில் பலவும் ஒளியால் வேலை செய்பவை. திரையே விளக்காகி விரல்மேல் வெளிச்சம் அடிக்கும், அடியிலுள்ள சின்ன கேமரா படம் எடுக்கும். மேலே ஒட்டிய கிளாஸுக்கும் திரைக்கும் நடுவே காற்று நின்றால் அந்தப் படம் கலங்கிவிடும். கிளாஸ் விற்றுப் பிழைக்கிற நானே சொல்கிறேன்: அந்த மாதிரி போனுக்கு மலிவு கிளாஸ் ஒட்டாதீர்கள். ஒட்டியே ஆக வேண்டுமென்றால், ஒட்டிய பிறகு பழைய ரேகையை அழித்துவிட்டுப் புதிதாகப் பதியுங்கள்.

ஒலி அலையை வைத்துப் படிக்கிற சென்சாரும் உண்டு. ஈர விரலை அது ஓரளவு சமாளிக்கிறது. ஆனால் அது வருவது பெரும்பாலும் விலை கூடிய போன்களில். கையைத் தேய்த்து உழைக்கிறவர்கள் வாங்குகிற விலையில் நீங்கள் தருவது பட்டனில் ஒட்டிய ஒரு மெல்லிய கீற்று. விரலில் ஒரு துண்டைத்தான் அது பார்க்கும். நல்ல ரேகை உள்ளவருக்கு ஒரு துண்டு போதும். தேய்ந்த ரேகைக்குத்தான் அகலமான சென்சார் தேவை. உங்கள் விலைப்பட்டியலில் இது தலைகீழாக இருக்கிறது.

இப்போது நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஆண்ட்ராய்டு போன்கள் எப்படி இருக்க வேண்டும் என்று கூகுள் ஒரு இணக்க ஆவணம் வெளியிடுகிறது. அடுத்தவர் விரலை உரியவர் விரல் என்று தவறாக ஏற்கும் வாய்ப்பு 0.002 சதவீதத்துக்குள், அதாவது 50,000-க்கு 1 என்ற கணக்கில் இருக்க வேண்டும் என்கிறது அது. இது கட்டாயம். ஆப்பிளும் டச் ஐடி என்ற தன் கைரேகைப் பூட்டுக்கு, ஒரு விரல் பதிந்திருந்தால், 50,000-க்கு 1 என்றே சொல்கிறது. சரி, உரியவரையே தவறாகத் தள்ளிவிடுவது? அதற்கும் அதே கூகுள் ஆவணத்தில் ஒரு வரி இருக்கிறது: 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று. ஆனால் அது கட்டாயமில்லை, அழுத்தமான பரிந்துரை மட்டும். திருடன் உள்ளே வரக்கூடாது என்பது விதி. வீட்டுக்காரர் உள்ளே போக வேண்டும் என்பது வேண்டுகோள்.

அந்த 10 சதவீதம்கூட யாருடைய விரல்களை வைத்து அளக்கப்படுகிறது? கணினி முன் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களின் விரல்களை வைத்தா, தேயிலைக் கறை படிந்த விரல்களை வைத்தா? போன் பெட்டியின்மேல் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று அச்சிடுகிறீர்கள். பேட்டரி எத்தனை மணி நேரம், எத்தனை வாட் சார்ஜர் என்றெல்லாம் இருக்கிறது. உரியவரின் விரலை நூற்றுக்கு எத்தனை முறை தள்ளிவிடும் என்று நான் எந்தப் பெட்டியிலும் படித்ததில்லை.

பாதுகாப்புக்காகத்தான் கண்டிப்பாக இருக்கிறோம் என்று நீங்கள் சொல்லலாம். 2021-இல் பிக்சல் 6 போன் விரலை எடுக்கத் தாமதமாகிறது என்று பலரும் புகார் சொன்னபோது, மேம்பட்ட பாதுகாப்பு அல்காரிதம்கள்தான் காரணம் என்று கூகுள் பதில் சொன்னது. எதிர்த் திசையில் தவறினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2019-இல் சில சாம்சங் கேலக்ஸி போன்களில் திரைமேல் சிலிக்கோன் உறை போட்டால் யார் விரலுக்கும் திறந்துவிடுகிறது என்று வெளியே வந்து, அவசரமாக அப்டேட் விட்டார்கள். அதனால் கண்டிப்பு தேவை என்பதில் எனக்குச் சண்டையில்லை.

ஆனால் என் கடையில் நடப்பதைக் கேளுங்கள். ஐந்து முறை தப்பாகிவிட்டால் போன் அரை நிமிடமாவது காக்க வைக்கும். மழையில், ஒரு கையில் குடையோடு, கடைசி பஸ் வருகிற நேரத்தில் மகளுக்கு போன் பண்ண நிற்கிற பெண் எத்தனை நாள் இப்படிக் காத்திருப்பார்? கடைக்கு வந்து, "தம்பி, அந்த லாக்கே வேண்டாம், எடுத்து விட்டுருங்க" என்பார். எடுத்துக்கொடுப்பேன். அத்தோடு உங்கள் 50,000-க்கு 1 போய்விட்டது. இப்போது யார் விரலும் வேண்டாம், சும்மா திரையைத் தள்ளினாலே திறக்கும். ஓடிபி வருகிற மெசேஜ், மகள் அனுப்பிய படங்கள், சம்பளம் ஏறுகிற வங்கியின் ஆப் எல்லாம் பூட்டில்லாத போனில். அந்தப் போன் தொலைந்தால் குற்றம் யாருடையது? உரியவரைத் தள்ளிவிடுவது வெறும் சிரமம் என்ற கணக்கில் நீங்கள் வைத்திருக்கிறீர்கள். இங்கே அதுவேதான் பாதுகாப்பு ஓட்டை.

லாக்கை எடுக்காதவர்களுக்கு வேறு ஆபத்து. விரல் எடுக்கும் நல்ல மாதங்களில் பின் நம்பர் மறந்துபோகிறது. போனை ஆஃப் பண்ணிப் போட்டால் முதலில் பின் கேட்கும். ஆண்ட்ராய்டில் 72 மணி நேரம் பின் போடாமலே இருந்தாலும் கேட்கும். அந்த நேரம் பார்த்து நம்பர் ஞாபகம் வராது. ரீசெட் அடித்தால் படங்கள் எல்லாம் போகும். அதற்கப்புறமும் பழைய கூகுள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும், அந்தக் கணக்கைத் திருப்பூரில் இருக்கும் அண்ணன் மகன் எப்போதோ தொடங்கிக் கொடுத்திருப்பான். கடைக்காரர்கள் எஃப்.ஆர்.பி. லாக் என்போம். திருட்டைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு அது. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, தன் சொந்த போனுக்குள் போக முடியாமல் அழுத ஒரு பாட்டிக்கு இதை எப்படி விளக்குவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

ரேஷன் கடை மெஷின் எடுக்காததால்தான் போனும் எடுக்கவில்லை, இரண்டும் ஒரே இடத்தில் சேர்கிறது என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. போனில் பதிகிற ரேகை அந்தப் போனுக்குள்ளேயே பூட்டிய ஒரு பகுதியில் இருக்கும், ஆதாரோடு அதற்குத் தொடர்பு கிடையாது. ஆனால் விரல் ஒன்றுதானே, அதனால் தொல்லையும் ஒன்றாகிவிடுகிறது. ரேஷன் கடையில் கற்ற வித்தையைப் போனிலும் செய்கிறார்கள். விரலைத் தலைமுடியில் தேய்த்துவிட்டு வைப்பார்கள், எண்ணெய்ப்பசை ஒட்டும். வாயால் ஊதுவார்கள். சிரிக்க வேண்டாம், காய்ந்த விரலுக்கு இது வேலை செய்கிறது.

ஆதாரில் இருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. பத்து விரலில் எது நன்றாகப் படிகிறது என்று பார்த்து, 'சிறந்த விரல்' எது என்று சொல்லும் முறை அங்கே உண்டு. விரலே இல்லாதவர்களுக்குக் கண்ணின் கருவிழியை வைத்துப் பதியலாம். 2023 டிசம்பரில் எங்கள் பக்கத்துக் கோட்டயம் மாவட்டம் குமரகத்தில் விரல்கள் இல்லாத ஒரு பெண்ணுக்கு ஆதார் மறுக்கப்பட்ட செய்தி பெரிதாகி, மத்திய அமைச்சரே தலையிட்ட பிறகு பதிந்து கொடுத்தார்கள். அவ்வளவு தூரம் போன பிறகுதான் நடந்தது என்பது வேறு விஷயம். உங்கள் போனோ, எந்த விரலை வைத்தாலும் வாங்கிக்கொண்டு, "பதிவாகிவிட்டது" என்று பச்சை டிக் காட்டுகிறது. மறுநாள் அதே விரலைத் தெரியாது என்கிறது. பதியும்போதே "இந்த விரலில் ரேகை மங்கலாக இருக்கிறது, மோதிர விரலை வைத்துப் பாருங்கள்" என்று தமிழிலும் மலையாளத்திலும் ஒரு வரி சொன்னால் என்ன? நான் கடையில் சொல்வதே அதுதான். கிள்ளாத விரலைப் பதியுங்கள். லீவு நாளில் கை மெத்தென்று இருக்கும்போது பதியாதீர்கள், வேலை முடிந்து வந்த கையோடு பதியுங்கள். போன் ஏற்றுக்கொண்டால், அதே விரலை இரண்டு தடவை தனித்தனியாகப் பதிந்து வையுங்கள். இதில் பாதிப்பேருக்குத் தொல்லை குறைகிறது. இதையெல்லாம் போன் சொல்லியிருக்க வேண்டும்.

ஏன் தள்ளியது என்பதையும் சொல்லலாம். ஆண்ட்ராய்டுக்குள் விரல் பாதிதான் பட்டது, சீக்கிரம் எடுத்துவிட்டார்கள், சென்சார் அழுக்கு என்று தனித்தனிக் குறியீடுகள் இருக்கின்றன. தோல் காய்ந்திருப்பதற்கென்று தனியாக ஒன்று இல்லை, 'படம் தெளிவில்லை' என்கிற ஒரே குறியீட்டில் தோல் காய்ந்திருப்பதையும் சென்சார் அழுக்காக இருக்கலாம் என்பதையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். அதனால் கறை படிந்த விரல்காரர் சட்டை நுனியால் சென்சாரைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

தேய்ந்த ரேகை நிரந்தரமாகப் போய்விடுவதில்லை. ஆழமான வெட்டுத் தழும்பு இல்லையென்றால், கைக்கு ஓய்வு கிடைத்ததும் மேடுகள் திரும்ப எழும். ஆக, ஒரே ஆளின் விரல் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. ஒவ்வொரு முறை சரியாகத் திறக்கும்போதும் பதிவைக் கொஞ்சம் புதுப்பித்துக்கொள்ளும் போன்கள் உண்டு. ஆனால் திறந்தால்தானே புதுப்பிக்கும்? விரலைத் தள்ளிவிட்டு, அடுத்த நொடி சரியான பின் போட்டால், அந்த விரல் உரியவருடையதாக இருக்கலாம் என்று போன் யோசிக்கக்கூடாதா? "உங்கள் ரேகை மாறியிருக்கிறது, புதிதாகப் பதியலாமா?" என்று ஒரு தடவை கேட்டாலே போதும்.

2025 அக்டோபரில் இருந்து யுபிஐ பணம் அனுப்பவும் பின்னுக்குப் பதிலாகப் போனில் உள்ள ரேகையைப் பயன்படுத்தலாம் என்றாகிவிட்டது. இதுவரை போனைத் திறப்பதோடு நின்ற தொல்லை இனி மளிகைக் கடை வாசலுக்கும் வரும். அதற்கு முன்னால் இரண்டு வேலை செய்யுங்கள். உரியவரைத் தள்ளிவிடும் விகிதத்தைப் பெட்டியில் அச்சிடுங்கள், காய்ந்த கை, ஈரக் கை, தேய்ந்த கை என்று பிரித்து. அந்த விகிதத்துக்கான வரம்பைப் பரிந்துரையில் இருந்து கட்டாயத்துக்கு மாற்றச் சொல்லிக் கூகுளிடம் நீங்களே கேளுங்கள்.

சோதித்துப் பார்க்க விரல்கள் வேண்டுமென்றால் இங்கே ஏராளம். ஜூலையில் வாருங்கள், சாயங்காலம் இலை நிறுக்கும் நேரத்துக்கு. அக்காமாரிடம் நான் பேசி வைக்கிறேன், ஆனால் அவர்கள் நேரத்துக்குக் கூலி கொடுத்துவிட வேண்டும். வரும்போது விலை கூடிய போனை மட்டும் கொண்டுவராதீர்கள், பத்தாயிரம் ரூபாய் போனும் வேண்டும்.

இப்படிக்கு,
வண்டிப்பெரியாறு பக்கத்து ரிப்பேர் கடைக்காரன்