பியர் அடுக்கு ஏன் மாறுகிறது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அடுத்த மாதம் முதல் டோர்ட்முண்டில் உள்ள எங்கள் பானக் கடையில் பில்ஸ் என்னும் கசப்பு தூக்கலான பியரின் பெட்டிகள் பாதியாகக் குறையும். அந்த இடத்துக்கு மதுசாரமற்ற பியர் வகைகளும் பவேரியாவின் ஹெல்லஸ் என்னும் கசப்புக் குறைந்த பியரும் வருகின்றன. "பியருக்குப் பேர்போன ஊரில் பியரைக் குறைப்பதா?" என்று அண்ணன்மார் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

ஜேர்மனியே பியரைக் குறைத்துக்கொண்டு வருகிறது. 1970களின் நடுவில் மேற்கு ஜேர்மனியில் ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 150 லீற்றர் குடித்தார்கள். இன்று அது 90 லீற்றருக்கும் கீழே. 2025இன் முதல் ஆறு மாதங்களில் நாடு முழுவதும் விற்றது சுமார் 390 கோடி லீற்றர். 1993 முதல் எடுக்கப்படும் கணக்கில் அரையாண்டு விற்பனை 400 கோடிக்குக் கீழே இறங்கியது அதுவே முதல் தடவை. மதுசாரமற்ற பியரின் உற்பத்தியோ 2013க்கும் 2023க்கும் இடையில் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது.

நம் ஊரில் இதன் காரணம் கண்ணெதிரே இருக்கிறது. யூனியன், க்ரோனென், ரிட்டர், தியர் என்று இங்கே வரிசையாக நின்ற பியர் ஆலைகளை வாழவைத்தது சுரங்கத்திலும் உருக்காலையிலும் வெந்து வந்தவர்களின் தாகம். டோர்ட்முண்டின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 1987இல் மூடப்பட்டது. ஹோர்டே உருக்காலை இருந்த இடத்தில் இப்போது ஏரி. யூனியன் ஆலையின் கோபுரம் கலைக்கூடமாகிவிட்டது. கணினி முன்னால் வேலை செய்பவருக்கு மாலையில் அந்தத் தாகம் இல்லை. இளையவர்களுக்குச் சட்டமும் உண்டு: 2007 முதல், புதிதாக உரிமம் பெற்றவர்களும் 21 வயதுக்குட்பட்டவர்களும் வாகனம் ஓட்டும்போது ஒரு துளி மதுவும் அருந்தியிருக்கக் கூடாது.

மதுசாரமற்ற பியர் என்றால் முகம் சுளிப்பவர்கள் இன்னொரு முறை குடித்துப் பாருங்கள். முன்பெல்லாம் மதுசாரம் அதிகம் உருவாகாமல் இருக்க நொதித்தலைப் பாதியில் நிறுத்துவார்கள். மாவூறலின், அதாவது முளைகட்டிய தானியத்தின், இனிப்பு நாக்கில் ஒட்டும். இப்போது பல ஆலைகள் பியரை முழுமையாக நொதிக்கவிட்டு, குறைந்த அழுத்தத்தில், அதிகம் சூடாக்காமல் மதுசாரத்தை மட்டும் பிரித்தெடுக்கின்றன. காரமான ஆட்டிறைச்சிக் கறிக்கு மதுசாரமற்ற கோதுமைப் பியர் அருமையான துணை. ஒன்றைக் கவனியுங்கள்: இங்கே "மதுசாரமற்ற" என்று எழுதிய போத்தலில் 0.5 சதவீதம் வரை மதுசாரம் இருக்கலாம். கருவுற்றிருப்பவர்களும் மதுவை அறவே தவிர்ப்பவர்களும் 0.0 என்று அச்சிட்டதையே கேட்டு வாங்குங்கள்.

நம் பிறந்தநாள் விழாக்களிலும் திருமண வீடுகளிலும் வேண்டாம் என்பவரை வற்புறுத்துவது இன்னும் நடக்கிறது. அது எங்களுக்கு வருத்தம். மண்டபத்துக்குப் பெட்டிகள் எடுக்கும்போது ஒரு பங்கை மதுசாரமற்றதாக எடுத்தால், வண்டி ஓட்டுபவரும் கூச்சமின்றிக் கையில் ஒரு போத்தலோடு நிற்பார்.

சிறிய ஆலைகளின் பியரை நாங்கள் கைவிடவில்லை. மெதுவாக விற்றாலும் அவை இருக்கும். வெற்றுப் போத்தலைத் திருப்பித் தரும்போது கிடைக்கும் போத்தல் காசில் மாற்றம் இல்லை: சாதாரண பியர்ப் போத்தலுக்கு 8 சதம், கம்பி மூடிப் போத்தலுக்கு 15 சதம், 20 அரை லீற்றர் போத்தல் கொண்ட பெட்டிக்கு மொத்தம் 3.10 யூரோ. விழாவில் மிஞ்சிய, திறக்காத பெட்டிகளை ரசீதுடன் கொண்டுவந்தால் முழுப் பணத்தையும் திருப்பித் தருவோம்.

அன்புடன்,
கடைக் குடும்பத்தினர்